வாடைக் கடலில் குச்சவெளிப் பயணம்: புறாத்தீவோடு படகைத் திருப்பியது சரிதானா?

ஒஸ்டன்பேர்க் | ஞாயிறு, இரவு 9.12

பொங்கல் கழிந்து வந்த சனிக்கிழமை நடந்ததை வைத்து என் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் எனக்குக் கோழைப் பட்டம் கட்டிவிட்டார்கள். இங்கே கடல் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். வழக்கை விரித்து வைக்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

கனடாவில் இருந்து வந்த கூட்டாளி ஒருவன் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறான். அவனுக்காகப் பழைய வகுப்புத் தோழர்கள் எல்லோரும் திருகோணமலைக்கு வடக்கே குச்சவெளியில் கூடுவதாக ஏற்பாடு. மற்றவர்கள் வான் வண்டியில் தெருவால் போனார்கள். நான் மட்டும் "படகில் வருகிறேன், பத்து மணிக்குக் கரையில் நில்லுங்கள்" என்று சொல்லியிருந்தேன்.

படகு 23 அடி பைபர். முன்னால் சிறிய அறை, பின்னால் 40 குதிரைவலு எஞ்சின் இரண்டு. தொழிலுக்கு அல்ல, சொந்தப் பாவனைக்கு வைத்திருப்பது. நான், மனைவி, மனைவியின் அக்கா, மருமகன் என்று நால்வர். வாடைக்காற்று வடகிழக்கில் இருந்து மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் என்று வானிலை அறிக்கை சொன்னது. தை மாதத்தில் அதைவிடக் குறைவாகச் சொல்லும் நாளுக்குக் காத்திருந்தால் மாசிதான் வரும். கடற்படைக்கும் வீட்டுக்கும் வழியையும் நேரத்தையும் அறிவித்துவிட்டு, விடிந்ததும் புறப்பட்டோம்.

திருகோணமலை உள்துறைமுகத்தில் தண்ணீர் அசையவில்லை. மருமகன் தேநீர்க் கோப்பையைத் தளத்தில் வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒஸ்டன்பேர்க் முனையைத் தாண்டியதும் அந்தக் கோப்பை போன இடம் தெரியவில்லை. கொட்டியாரக் குடாவின் வாய் வடகிழக்கைப் பார்த்துத்தான் திறந்திருக்கிறது. வாடையின் அலை தடுப்பாரின்றி உள்ளே வரும். படகின் முன்பக்கமான அணியத்தை அலைக்குக் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, கோணேசர் மலை வரை எதிர்க்கடலில் ஏறினோம்.

மலையடியில் ஒட்டிப் போய்க் கோயிலைக் கும்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். வாடையில் அதைச் செய்யாதீர்கள். வரும் அலை பாறையில் மோதித் திரும்பி வந்து, பின்னால் வரும் அலையோடு முட்டும். அந்த இடத்தில் அலைக்குத் திசையே கிடையாது. தண்ணீர் கூம்பு கூம்பாக நின்ற இடத்தில் எழும்பி விழுகிறது. ஒரு மைல் வெளியே விலகியே சுற்றினேன். அப்படியிருந்தும் ஒரு முறை இரண்டு புரொப்பெல்லரும் தண்ணீருக்கு மேலே வந்து அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

அங்கிருந்து வடக்கே திரும்பியதும் வேறு தொல்லை. குச்சவெளிக்குப் போகும் திசையும் காற்று வரும் திசையும் ஏறக்குறைய குறுக்குக்குக் குறுக்கு. அலை விலாவில் அடித்தது. நேர்கோட்டில் போனால் படகு உருளும். ஆகவே கொஞ்சத் தூரம் வெளியே சரித்து ஏறி, அலையை அணியத்தின் ஓரத்தில் வாங்கி, பிறகு திருப்பி அலையைப் பின்மூலையில் விட்டுக் கரைப்பக்கம் இறங்கி, மீண்டும் ஏறி, இப்படி வளைந்து வளைந்து போனோம். தூரம் கூடும், ஆனால் சோற்றுப் பெட்டி கவிழாது.

உப்புவெளிக்கு நேரே வலது எஞ்சின் இருமத் தொடங்கியது. பெற்றோலில் தண்ணீர். நகருக்கு வெளியே ஒரு நிரப்பு நிலையத்தில் அடித்தது, பெயர் வேண்டாம். கடல் ஆட்டியதில் தாங்கியின் அடியில் கிடந்த தண்ணீரும் கசடும் கலங்கி மேலே வந்துவிட்டன. ஒரே எஞ்சினில் அலைக்கு முகம் கொடுத்தபடி, மருமகன் வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிட்டு மாட்டினான். எஞ்சின் சரியானது.

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவின் மறைவுக்கு வந்து குச்சவெளிக்கு அழைத்தேன். "கடல் நன்றாகத்தான் இருக்கிறது, வா" என்றான் கூட்டாளி. வடக்கே பார்த்தேன். முழுவதும் வெண்நுரை. படகைத் திருப்பினேன். "துறைமுகத்துக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பதினொன்றரைக்குள் உள்ளே வந்துவிட்டோம். அவர்கள் முனகிக்கொண்டே வானில் வந்தார்கள். நண்டுக்கறிச் சட்டியை ஒருவன் முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்தபடி வந்து இறங்கினான். சாப்பாடு குறையவில்லை. ஆனால் பேச்சு இன்னும் ஓயவில்லை.

---

குச்சவெளிப் பொடியன் | ஞாயிறு, இரவு 9.40

நண்டுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான்தான். எல்லாவற்றையும் எழுதிய மச்சான் ஒன்றை மறந்துவிட்டான். அதே காலையில் எங்கள் கண் முன்னால் தொழில் படகுகள் கரைக்கு வந்தன. 18 அடி வள்ளம், ஒற்றை எஞ்சின். அவர்கள் வரலாம், 23 அடியும் இரண்டு எஞ்சினும் வைத்திருப்பவர் வர முடியாதா?

2020 டிசெம்பர் 2 இரவு புரெவி புயல் எங்கள் பக்கத்தால்தான் கரையேறியது. அதைப் பார்த்த கண்ணுக்கு அன்றைக்கு இருந்தது கடலே அல்ல.

---

நிலாவெளி வாடி | ஞாயிறு, இரவு 10.05

தம்பி குச்சவெளி, நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. 18 அடி வள்ளம் வரும். எப்படி வரும்? ஓட்டுபவன் வெளியில் நின்று அலையை எண்ணுவான். பெரிய அலைகள் கூட்டமாக வந்து போன பிறகு ஒரு தணிவு வரும். அந்தத் தணிவில் ஓர் அலையின் முதுகில் ஏறி, அதை முந்தாமலும் அதற்குப் பிந்தாமலும் வந்து, தரை தட்டுவதற்கு முன் எஞ்சினைத் தூக்கிவிடுவான். கரையில் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். அடுத்த அலை வருவதற்குள் வள்ளம் மணலில் ஏறிவிட வேண்டும்.

இவருடைய படகு, எஞ்சின், எண்ணெய், ஆட்கள் எல்லாம் சேர்த்து ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. அதை இழுக்க உங்கள் வகுப்புத் தோழர்கள் எத்தனை பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றீர்கள்? ஒரு முறை தட்டி நின்றால் அடுத்த அலை பின்னால் ஏறிப் படகை நிரப்பும். அதற்கடுத்த அலை குறுக்கே திருப்பிக் கவிழ்க்கும். கடலில் ஓட முடியுமா என்பது ஒரு கேள்வி, கரை பிடிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. திறந்த கரையில் இரண்டாவதுதான் ஆளை விழுங்குகிறது.

---

குச்சவெளிப் பொடியன் | ஞாயிறு, இரவு 10.11

ஐயா சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வெளியே நங்கூரம் போட்டிருக்கலாமே? நாங்கள் வள்ளத்தில் போய் ஏற்றியிருப்போம்.

---

நிலாவெளி வாடி | ஞாயிறு, இரவு 10.20

அந்த ஆட்டத்தில் படகில் இருந்து வள்ளத்துக்கு இரண்டு பெண்களைக் கைமாற்றுவீர்களா? இரண்டு விளிம்புகளும் ஒன்று ஏற ஒன்று இறங்கும். நடுவில் கை அகப்பட்டால் விரல் இருக்காது.

---

காற்றுக்கணக்கு | ஞாயிறு, இரவு 11.02

நான் மட்டக்களப்பு. கடலில் இறங்குவதைவிடக் கணக்கில் இறங்குவது அதிகம். கணக்குச் சொல்கிறேன்.

எல்லோரும் அலையின் உயரத்தை மட்டும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை செக்கன் என்பது. ஆழ்கடலில் அந்தச் செக்கனின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் அலையின் நீளம் மீற்றரில் வரும். 12 செக்கன் அலை 225 மீற்றர் நீளம். அது 2 மீற்றர் உயரமாக இருந்தாலும் படகு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், தேநீர் குடிக்கலாம். 6 செக்கன் அலை 56 மீற்றர்தான். உயரம் ஒன்றரை மீற்றராக இருந்தாலும் சுவர் போல எழும்பி நிற்கும். வாடைக்காற்று அருகிலேயே கிளப்பும் அலை இந்தக் குட்டை இனம். நிலாவெளிப் பக்கம் ஆழம் குறையக் குறைய அது இன்னும் நெருங்கி, இன்னும் செங்குத்தாகும்.

அறிக்கையில் வரும் வேகம் சராசரி என்பதையும் கவனியுங்கள். வீச்சு வரும்போது அதைத் தாண்டும். காற்று இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்கு. மணிக்கு 40 என்பது 20இன் இரட்டிப்புத்தானே என்று மனம் சொல்லும். படகின் விலா அப்படிச் சொல்லாது.

திருப்பியது சரி. ஆனால் புறப்பட்டது சரியா என்று ஒருவரும் கேட்கவில்லையே.

---

ஒஸ்டன்பேர்க் | திங்கள், காலை 6.50

கேளுங்கள், சொல்கிறேன். புறப்பட்டதும் சரிதான். எந்த இடத்திலும் திரும்பக்கூடிய வழியில்தான் போனேன். எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் வைக்க என்று கணக்கு. புறாத்தீவில் பார்த்தபோது முதல் பங்கு முடிந்துகொண்டிருந்தது, குச்சவெளி இன்னும் பாதி வழியில் இருந்தது. வளைந்து வளைந்து போனதற்கான விலை அது. ஒரு பக்கம் வெண்நுரை, ஒரு பக்கம் எண்ணெய் மானி. கோழைத்தனம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

உண்மையில் எனக்கு எரிச்சல் தந்தது கடல் அல்ல, அந்தப் பத்து மணி. கரையில் பத்துப் பேர் கையைக் குடையாக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவன் திங்கள் பறக்கிறான் என்ற நினைப்பு, சுக்கானைப் பிடித்திருப்பவனின் தோளில் ஏறிக் குந்திக்கொள்கிறது. இனிமேல் நான் நேரம் சொல்லப்போவதில்லை. மூன்று இடம் சொல்வேன்: கடல் விட்டால் குச்சவெளி, பாதி விட்டால் உப்புவெளி, விடாவிட்டால் துறைமுகம். வானுக்குச் சக்கரம் இருக்கிறது, தெரு இருக்கிறது. வளைந்து கொடுக்க வேண்டியவர்கள் கரையில் இருப்பவர்கள்தான்.

---

குச்சவெளிப் பொடியன் | திங்கள், காலை 7.15

முப்பது கிலோமீற்றருக்கு மேல் சட்டியோடு வந்தவனுக்கு இந்தத் தத்துவம் முதலே தெரிந்திருந்தால் மூடி இறுக்கமான சட்டியாக எடுத்து வந்திருப்பேன். வான்காரன் இருக்கை உறைக்குக் காசு கேட்கிறான், மச்சான்.

---

உவர்மலை | திங்கள், காலை 8.30

படகில் இருந்த "மனைவியின் அக்கா" நான். ஓட்டியவரும் கரையில் நின்றவர்களும் பேசி முடித்துவிட்டீர்கள்; ஏறி இருந்தவள் கொஞ்சம் பேசுகிறேன்.

முன்னறை பார்க்க அழகாக இருக்கும். கொந்தளிப்பில் அங்கே ஒருவரும் இருக்கக் கூடாது. அணியம்தான் எல்லாவற்றையும்விட உயர எழும்பி ஆழ விழுகிறது. நடுவுக்குச் சற்றுப் பின்னால், தாழ்வாக, கண்ணைத் தொடுவானத்தில் வைத்து இருந்தால் வயிறு பாதி அடங்கும். வாந்தி மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். தங்கை அலை அடித்த பிறகு போட்டாள். மாத்திரை உள்ளே தங்கவில்லை.

இன்னொன்று. எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றைத் தம்பி தன் மணிக்கட்டில் கட்டியிருந்தார். அவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நிற்கும் என்றார். நல்லது. அதற்குப் பிறகு எஞ்சினை மறுபடி இயக்கி அவரை எடுப்பது யார்? அன்றைக்கு மருமகன் இருந்தான். இல்லாத நாளில்? வீடு வந்ததும் எனக்கும் தங்கைக்கும் படகு திருப்பக் கற்றுத்தரச் சொல்லியிருக்கிறேன். "பார்க்கலாம்" என்றார். இங்கே பலரும் பார்க்க எழுதி வைக்கிறேன்.

---

ஒஸ்டன்பேர்க் | திங்கள், காலை 8.44

ஞாயிறு காலை, உள்துறைமுகத்தில், இருவருக்கும். ஆனால் அக்கா, கத்தக் கூடாது.

---

சுங்கவீதி | திங்கள், பகல் 12.20

இவ்வளவு பாடு எதற்கு? வாடைக்காலம் முடியட்டும். ஓகஸ்டில் போங்கள். கச்சான் காற்றுத் தரையில் இருந்து வீசும், கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வெள்ளைக்காரர் கூட்டம் கூட்டமாகப் புறாத்தீவு போவது அப்போதுதானே.

---

கிண்ணியாக் கடவை | திங்கள், பிற்பகல் 2.10

சுங்கவீதித் தம்பி, இந்த ஓகஸ்ட் ஆலோசனையை மட்டும் பாதியோடு விட்டுவிடாதீர்கள். கரையில் நின்று பார்த்தால் கச்சானில் அலையின் முதுகுதான் தெரியும். முதுகு எப்போதும் வழுவழுப்பு. கரையை ஒட்டி உண்மையிலேயே கடல் படிந்துதான் கிடக்கும், அலை கிளம்புவதற்கு இடம் போதாது. ஒரு மைல் வெளியே போய்த் திரும்பினால்தான் முகம் தெரியும். அப்போது வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் எதிர்க்காற்று.

வாடையில் எஞ்சின் நின்றால் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளும். படகு உடையலாம், ஆனால் நங்கூரம் போட அடி இருக்கிறது. கச்சானில் எஞ்சின் நின்றால் வங்காள விரிகுடாவுக்குத் தள்ளும். நங்கூரம் போடலாம் என்பீர்கள். திருகோணமலையின் கடலடிப் பள்ளத்தாக்குக் குடாவின் வாய்க்குள்ளேயே தொடங்குகிறது. கொஞ்சம் வெளியே போனால் எவருடைய கயிறும் அடியைத் தொடாது. திமிங்கிலம் இவ்வளவு கரையோரமாக வருவது அந்த ஆழத்தால்தான். திமிங்கிலத்துக்கு நல்லது எஞ்சின் நின்றவனுக்கு நல்லதல்ல.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1795 ஓகஸ்டில் திருகோணமலையைப் பிடிக்க வந்த பிரித்தானியப் போர்க்கப்பல் டயமீட், நிலக்காற்றை எதிர்த்துக் குடாவுக்குள் ஏறி வரும்போது, வரைபடத்தில் இல்லாத பாறையில் மோதி மூழ்கியது. அதற்கும் முன்னால் ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸின் கப்பல் மசூலிப்பட்டினத்தில் புயலுக்குப் பாய்மரத்தைப் பறிகொடுத்துவிட்டு, புதுமரம் வெட்டக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. குடா காப்பாற்றியது. கரையில் இறங்கியவரைக் கண்டியரசன் 1660இல் பிடித்தான். தப்பிப் போக 19 வருடம் ஆனது. நிலாவெளி ஐயா சொன்ன "கரை பிடிப்பது வேறு கேள்வி" அப்போதும் உண்மையாகத்தான் இருந்திருக்கிறது.

இழையில் எல்லாம் பேசினீர்கள், லைஃப் ஜாக்கெட்டை யார் யார் அணிந்திருந்தீர்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. 2021 நவம்பரில் எங்கள் குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்தது பெருங்கடலில் அல்ல, களப்புத் தண்ணீரில். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அங்கியை இருக்கைக்கு அடியில் வைத்திருப்பவன் அதைக் கடலுக்குக் காட்டத்தான் வைத்திருக்கிறான்.

---

உவர்மலை | திங்கள், பிற்பகல் 2.35

நால்வரும் துறையிலேயே அணிந்துகொண்டுதான் ஏறினோம், கிண்ணியா நானா. அணியாமல் ஏற விடமாட்டார். அந்த ஒரு விடயத்தில் தம்பியைக் குறை சொல்ல முடியாது.

---

சுங்கவீதி | திங்கள், மாலை 4.02

நானா சொன்னதைக் கேட்டதும் தொண்டை வறண்டுவிட்டது. கேட்டதற்குக் காரணம் இருக்கிறது: நானும் பழைய 16 அடிப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன், 15 குதிரைவலு. மாசியில் பிள்ளைகளோடு புறாத்தீவு போகலாமா? படகோடு வந்த நங்கூரக் கயிறு 20 மீற்றர் இருக்கிறது.

---

காற்றுக்கணக்கு | திங்கள், மாலை 4.30

மாசி நடுவில் காற்றுத் தணியும் நாட்கள் வரும். ஒரு நாள் அறிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காற்று இறங்கிய பிறகும் அலை இறங்க ஒன்றிரண்டு நாள் எடுக்கும். பங்குனி வரை பொறுத்தால் இன்னும் நல்லது.

---

ஒஸ்டன்பேர்க் | திங்கள், மாலை 4.41

வெளித்துறைமுகத்தைச் சுற்றிப் போக வேண்டாம். நிலாவெளிக் கரையில் இருந்து தீவு ஒரு கிலோமீற்றர்தான். முதல் முறை அங்கே சேவையில் இருக்கும் படகில் டிக்கெட் எடுத்துப் போய், அவர்கள் எந்த வழியால் கரை பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். 2003இல் இருந்து அது தேசியப் பூங்கா. பவளப்பாறையின் மேல் நங்கூரம் போடக் கூடாது. எண்ணெய்த் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி இருக்கிறதா? இல்லாவிட்டால் முதலில் அதைப் பூட்டுங்கள், பிறகு மற்றது. மேலதிக வடிகட்டி ஒன்றும் கையில் இருக்கட்டும்.

---

நிலாவெளி வாடி | திங்கள், இரவு 7.18

20 மீற்றர் கயிறு குளத்துக்குப் போதும். கடலில் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விட வேண்டும், காற்றடித்தால் ஏழு மடங்கு. 8 மீற்றர் ஆழத்துக்கு 40 மீற்றர், அடித்தால் 56. கயிறு குறைந்தால் நங்கூரம் படுக்காது. நிமிர்ந்து நின்று மணலைக் கிளறிக்கொண்டே வரும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையில் இரண்டு பாகமாவது (ஏறக்குறைய நாலு மீற்றர்) சங்கிலி போடுங்கள். மறு முனையைப் படகில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், கட்டாமல் எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

சுங்கவீதி | திங்கள், இரவு 7.25

நன்றி ஐயா. கடையில் நீலக் கயிறும் இருக்கிறது, வெள்ளைக் கயிறும் இருக்கிறது. நீலம் விலை பாதி.

---

நிலாவெளி வாடி | திங்கள், இரவு 7.33

நிறத்தைப் பார்க்காதீர்கள். நைலோன் தண்ணீரில் தாழும், இழுத்தால் நீண்டு கொடுக்கும். அதனால் அலை தூக்கும்போது நங்கூரம் பிடுங்காது. மலிவான பிளாஸ்டிக் கயிறு மிதக்கும். மிதந்து வந்து உங்கள் புரொப்பெல்லரிலேயே சுற்றும், வெயிலுக்கு உதிரவும் செய்யும். கடைக்காரரிடம் ஒரு சாண் துண்டு வெட்டி வாங்கி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.